கரித்துண்டுக்குச் சத்தம் வராது

புதுச்சத்திரத்தில் பங்கு போட்டு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்



ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் நாலு பேரும் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தீர்கள். "அண்ணா, மிஷின் ரிப்பேருங்க. மண்ணுகிட்டக் கொண்டுபோனாவே கத்துது, மேல தூக்குனா நின்னுருது. வாங்குன பக்கமே திருப்பி அனுப்பீரலாமுங்களா?" என்று கேட்டீர்கள். ரேடியோ பழுது பார்த்தே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் வந்தீர்கள் போல. பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். மிஷினில் ஒரு குறையும் இல்லை. குறை என்று ஒன்று இருந்தால் அது நம் மண்ணில்தான் இருக்கிறது. அதைக் குறை என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

கடையில் கூட்டம் இருந்ததால் அன்றைக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை. களங்காணிப் பக்கமும் ராசிபுரம் பக்கமும் இன்னும் சில பையன்கள் இதே மாதிரிக் கருவி வாங்கப் பணம் சேர்க்கிறார்கள் என்று பிறகு காதில் விழுந்தது. அதனால் உங்களுக்குச் சொல்வதை அவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் மண். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடிய தடத்தைக் குனிந்து பாருங்கள். செம்மண் மேல் கறுப்பாக, கண்மை தீட்டின மாதிரி, கோடு கோடாக ஒரு மணல் படிந்திருக்கும். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி, அந்தக் கோட்டின் மேல் ஒரு முறை இழுங்கள். காந்தம் முழுக்கக் கறுப்பு மயிர் முளைத்துவிடும். காகிதத்தை உருவினால் மொத்தமும் உதிரும். சின்ன வயதில் நாங்கள் விளையாடிய விளையாட்டு இது. அந்தக் கறுப்பு மணல்தான் மாக்னடைட், காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் இந்தத் தாது பட்டை பட்டையாக ஓடுகிறது. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது சேலத்துத் தாதுவை நம்பித்தான் வைத்தார். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே இந்தப் பக்கத்து ஆட்கள் மண் உலை கட்டி, துருத்தி ஊதி, இரும்பு எடுத்திருக்கிறார்கள். உலையில் மிஞ்சிய கிட்டம் இன்றைக்கும் ஏர் ஓட்டும்போது காடுகளில் மேலே வருகிறது. கனமான, குமிழ் குமிழாக ஓட்டை விழுந்த கறுப்புக் கல் அது.

உங்கள் மிஷின் கத்தியது இந்தத் தாதுவைப் பார்த்துத்தான். வெளிநாட்டுப் புல்வெளியில் படம் பிடித்த வீடியோவில் அது வாய் திறக்காமல் போகும். நம் மேட்டாங்காட்டில் வைத்தால் பாடிக்கொண்டே இருக்கும். இதற்கு வழி கருவியிலேயே இருக்கிறது. கிரவுண்டு பேலன்ஸ் என்று ஒரு பட்டனோ மெனுவோ இருக்கும். சுற்றிலும் உலோகம் இல்லாத ஓர் இடத்தில், கருவியின் அடியில் இருக்கும் வட்டத்தை மண்ணுக்கு மிக அருகிலிருந்து முழங்கால் உயரம் வரை தூக்கித் தூக்கி இறக்குங்கள். சத்தம் அடங்கும் வரை சரிசெய்யுங்கள். 'இந்த மண்ணை விட்டுவிடு, மற்றதைச் சொல்' என்று கருவிக்குக் கற்றுக்கொடுக்கிற வேலை இது. செம்மண் காட்டில் சரிசெய்ததை ஓடை மணலுக்குப் போனதும் திரும்பச் செய்ய வேண்டும். சென்சிட்டிவிட்டியை முழுதாக ஏற்றி வைப்பதுதான் புதிதாக வாங்கியவர் எல்லாரும் செய்யும் தப்பு. பழைய ரேடியோவில் வால்யூமைக் கடைசி வரை திருகினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து ஏறும் அல்லவா, அதே கதைதான். பாதிக்கு மேல் ஒரு கோடு வைத்தால் போதும். கையில் சிறிய வட்டம் ஒன்று இருந்தால் நம் மண்ணுக்கு அதுவே தோது. ஒரே நேரத்தில் பார்க்கிற மண் குறையும், சத்தமும் குறையும்.

இனி, கருவி என்னதான் செய்கிறது என்று சொல்கிறேன். அந்த வட்டத்துக்குள் இரண்டு சுருள் இருக்கிறது. ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அந்தப் புலம் ஒரு காசின் மேல் பட்டால் காசுக்குள் குட்டிக் குட்டியாகச் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அதற்கென்று ஒரு சின்னக் காந்தப்புலம் உண்டாகும். இரண்டாவது சுருள் அதைக் கேட்கிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் சற்றுப் பொறுத்துத் திரும்புகிற மாதிரி இந்தப் பதிலும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வெள்ளி, செம்பு போல மின்சாரம் நன்றாக ஓடும் கனமான உலோகத்துக்குத் தாமதம் ஒரு விதம், மெல்லிய அலுமினியத் தகடுக்கு வேறு விதம், இரும்புக்கு இன்னொரு விதம். அந்த வித்தியாசத்தைத்தான் திரையில் ஓர் எண்ணாகப் போட்டுக் காட்டுகிறது.

இந்த எண்ணைத்தான் நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். உங்களில் ஒருவர், "இந்த நம்பர் வந்தாத் தங்கமுங்க" என்றார். இல்லை தம்பி. அந்த எண் பொருளின் பெயரைச் சொல்லாது. மின்சாரம் அதற்குள் எப்படி ஓடியது என்பதை மட்டும்தான் சொல்லும். ஒரு சின்னத் தங்கத் தோடும், மாத்திரை அட்டையின் பின்பக்கத்து அலுமினியக் காகிதமும் பக்கத்துப் பக்கத்து எண்ணில் வந்து நிற்கும். குப்பை எண் என்று அதை ஒதுக்கினால் தோட்டையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறீர்கள். இன்னொன்று. புதிதாக வாங்கியவர்கள் இரும்பை ஒதுக்கும் மோடில் போட்டுவிட்டு ஜம்மென்று நடப்பார்கள். இப்போது நம் சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பல கருவிகள் அவற்றை இரும்புப் பக்கம் தள்ளிவிடும். சந்தைத் திடலில் இரும்பை ஒதுக்கிவிட்டுக் காசு தேடினால், இன்றைய காசு காலடியிலேயே கிடந்தாலும் மிஷின் வாயைத் திறக்காது.

அதனால் முதல் பத்து நாள் எங்கேயும் போகாதீர்கள். வீட்டு வாசலில் ஒரு தோட்டம் போடுங்கள். ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய், பாட்டியின் பெட்டியில் கிடக்கும் ஓட்டைக் காலணா, அலுமினியத்தில் வந்த சதுர ஐந்து பைசா, ஒரு லாட ஆணி, ஒரு பாட்டில் மூடி, ஒரு மாத்திரை அட்டை என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று இரண்டடி தள்ளி, நாலு விரற்கடை ஆழத்தில் புதையுங்கள். எது எங்கே என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு காதால் மட்டும் சொல்லட்டும். பாட்டில் மூடியின் சத்தம் ஓரம் கிழிந்த மாதிரி வரும். காசின் சத்தம் உருண்டையாக, இரண்டு பக்கம் இருந்து ஆட்டினாலும் ஒரே மாதிரி வரும். ஸ்டேஷன் பிடிக்க முள்ளைத் திருகித் திருகி எனக்குக் காது பழகியது. உங்களுக்கும் அப்படித்தான் பழக வேண்டும்.

நடக்கும் விதமும் ஒன்று இருக்கிறது. அரிவாள் வீசுகிற மாதிரி இரண்டு முனையிலும் வட்டத்தை மேலே தூக்கக் கூடாது. தரைக்கு இரண்டு விரல் மேலே, ஒரே மட்டத்தில், மெதுவாகப் போய்வர வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சைப் பாதியாவது மூட வேண்டும். வாசல் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற பொறுமை வேண்டும். செல்போனைச் சட்டைப்பையில் இருந்து எடுத்து வைத்துவிடுங்கள். செருப்பில் இரும்பு ஆணி இருந்தால் அதையும் கழற்றுங்கள். ஏன் என்று கேட்டால், ஒரு பழைய கதை. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே என்று தெரியவில்லை. தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல், அவசரமாக ஒரு கருவி செய்து எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். நம் டிடெக்டரின் மூத்த தாத்தா அது. எங்கே வைத்தாலும் சத்தம் வந்து குழப்பியது. மெத்தைக்குள் எஃகுக் கம்பி இருந்தது பிறகுதான் தெரிந்தது. குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதியும் பிழைக்கவில்லை. மண்ணைச் சோதிக்கும் முன் நம்மை நாமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

தோண்டுவதற்கு வருகிறேன். இலங்கையில், வடக்கே முகமாலை என்ற இடத்தில், நம் மொழி பேசும் பெண்கள் வருஷக்கணக்காக இதே வகைக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணிவெடி எடுக்கிறார்கள். போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. சத்தம் வந்த இடத்துக்கு நேர் மேலே அவர்கள் தோண்டும் கருவியை வைத்துக் குத்த மாட்டார்கள். சற்றுத் தள்ளி மண்ணை எடுத்து, பக்கவாட்டில் இருந்து மெதுவாக நெருங்குவார்கள். ஒவ்வொரு சத்தத்தையும் வெடி என்றே எண்ணிக் கையாள்வார்கள். அதில் பெரும்பாலானது வெறும் தகரத் துண்டாகத்தான் இருக்கும். நம் காட்டில் கண்ணிவெடி இல்லை என்று நினைத்துக் கடப்பாரையை எடுத்து இறக்கிவிடாதீர்கள். நம் ஊரில் கிணறு வெட்டியது பாதிக்கு மேல் வெடி வைத்துத்தான். கிணற்று மேட்டிலும், கல்குவாரி ஓரத்திலும் வெடிக்காத கேப் கிடக்க வாய்ப்பு உண்டு. பேனா மூடி அளவில் ஒரு சின்ன அலுமினியக் குழாயும் அதில் வயரும் தெரிந்தால் கை வைக்காதீர்கள். ஆளைத் தள்ளி நிறுத்திவிட்டு போலீசுக்குச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் களைக்கொத்து போதும். மண்ணைக் கட்டியாக எடுத்து ஒரு சாக்கின் மேல் வையுங்கள். வேலை முடிந்ததும் அதே கட்டியை அதே குழியில் வைத்து மிதியுங்கள். நீங்கள் விட்டுப்போன குழியில் ஒரு மாட்டின் கால் மாட்டினால், அடுத்த வருஷம் அந்தக் காட்டுக்காரர் உங்களை வரப்பு ஏறவே விட மாட்டார்.

ஆழம் எவ்வளவு என்று கேட்டீர்கள். காசு அளவுப் பொருளுக்கு, நம் மண்ணில், ஒரு சாண் காட்டினால் நல்ல மிஷின். உங்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கணக்கைக் கேளுங்கள். வட்டத்தின் அகலத்தைத் தாண்டி ஆழம் போய்விட்டால், ஆழம் இரட்டிப்பாகும்போது அங்கே போய்ச் சேரும் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். காசில் இருந்து திரும்பி வருவதும் எட்டில் ஒரு பங்கு. மொத்தத்தில் 64-ல் ஒரு பங்கு. பெரிய அண்டா என்றால் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் தெரியும். எந்தப் பேட்டரி போட்டாலும் இந்தக் கணக்கில் இருந்து தப்ப முடியாது. 'இருபதடி ஆழம், ஐம்பது மீட்டர் தூரத்தில் தங்கம் காட்டும்' என்று கையில் இரண்டு கம்பி நீட்டிய கருவியை யாராவது விற்க வந்தால், அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்துப் பஸ் ஏற்றிவிடுங்கள்.

அவருக்குப் பின்னால் இன்னொருவர் வருவார். இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் சொம்பு, கோடி ரூபாய்க்கு வெளிநாட்டில் ஆள் ரெடி என்பார். தமிழ்நாட்டில் இதற்கு எத்தனை வழக்குப் போட்டும் ஓயவில்லை. இரிடியம் என்ற உலோகம் உண்மையிலேயே இருக்கிறது. நாமக்கல்லில் எந்த ஆட்டோமொபைல் கடையிலும் அதைப் பார்க்கலாம். விலை கூடிய ஸ்பார்க் பிளக்கின் முனையில் ஒரு பொட்டாக வைத்திருப்பார்கள். அது அரிசியையும் இழுக்காது, ஆணியையும் இழுக்காது. டிடெக்டர் வைத்திருக்கும் பையன்கள் என்று ஊரில் பெயர் பரவிய நாளில் இருந்து இந்த மாதிரி ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள். நரபலி வரை போன புதையல் ஆசைகளைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பூசை, அமாவாசை என்று எவராவது பேச்செடுத்தால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பின்னே எதற்கு இந்தக் கருவி? எனக்கும் ஒரு டிடெக்டர் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன், திருமலைப்பட்டிப் பக்கம் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு ஒற்றைத் தோடு காணாமல் போய்விட்டது. அரைப் பவுன்கூட இருக்காது. ஆனால் அடகுக்குப் போய் மீண்டு வந்து, திரும்ப அடகுக்குப் போய் மீண்டு வந்த தோடு. காட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் வீச ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம். மாத்திரை அட்டை, பாக்குப் பாக்கெட், களைக்கொத்தின் உடைந்த முனை, டிராக்டரின் பின் என்று வரிசையாக வந்தது. தோடு வரவில்லை. கூட வேலை செய்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பார்வை நல்ல பார்வை அல்ல.

அப்புறம்தான் வந்த வேகத்தில் கேட்க மறந்த கேள்வியைக் கேட்டேன். "கடைசியாக் காதுல இருந்தது எப்போங்க அம்மா?" காலையில் வேலைக்கு இறங்கும்போது இருந்ததாம். சோறு உண்ண உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவள்தான் ஒரு காது வெறிச்சென்று இருப்பதைப் பார்த்தாளாம். அதற்கு இடைப்பட்ட நேரத்தில் என்ன செய்தீர்கள் என்றேன். "செடி புடுங்கி, கட்டித் தூக்கி, போர் போட்டோமுங்க" என்றார். செடிக்கட்டைத் தோளில் ஏற்றும்போது காது உரசும். தோடு மண்ணில் விழ வேண்டிய அவசியமே இல்லை. போரில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடியை எடுத்துப் படுதா மேல் மெல்லியதாகப் பரப்பினோம். படுதா தரையில் இருந்து உயரமாக, கட்டில் மேல். கீழே மண் இரைச்சல் இல்லை. மூன்றாவது அணைப்பில் சத்தம் வந்தது. வேர்ச் சிக்கலில் திருகாணி மாட்டி, ஒரு கடலைக்காயோடு காயாகத் தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதை வாங்கியதும் முதலில் கூட இருந்த பெண்களைப் பார்த்தார். "உங்களை ஒண்ணும் நெனக்கலீங்க புள்ள" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மிஷின் ஒன்றரை மணி நேரத்தில் சொல்லாததை ஒரு கேள்வி சொன்னது. தொலைந்த பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவர் வாயைத் திறந்து பேசுவார். எப்போது, எங்கே, எந்தக் கையில் என்று சொல்வார். இந்தக் கருவிக்கு ஏற்ற வேலை அதுதான். கட்டுத்தரையில் விழுந்த மெட்டி, வாய்க்காலில் நழுவிய டிராக்டர் சாவி, புதன்சந்தை மாட்டுச்சந்தையில் அறுந்து விழுந்த அரைஞாண் என்று ஊரில் தேட வேண்டியது தினமும் ஒன்று தொலைகிறது.

புதைந்த பொருள் அப்படி அல்ல. அதற்குச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. அதைச் சுற்றி இருக்கும் மண்தான் சாட்சி. 2025 ஜனவரி 23 அன்று 'இரும்பின் தொன்மை' என்ற ஆய்வறிக்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னால் போகிறது என்று அதில் சொன்னார்கள். அதற்கு முன்பே நம் வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைக்கு கி.மு. 2172 என்று காலம் சொல்லியிருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த அந்தச் சிவகளைத் தேதி இரும்பில் இருந்து வரவில்லை தம்பி. ஈமத்தாழிக்குள் கிடந்த கரித்துண்டில் இருந்து வந்தது. உங்கள் மிஷினோடு அந்தத் தாழிக்கு மேல் நின்றிருந்தால், சத்தம் வந்தாலும் இரும்புக்குத்தான் வந்திருக்கும். தோண்டி இரும்பை எடுத்திருப்பீர்கள். கரியை உதறியிருப்பீர்கள். கரித்துண்டுக்குச் சத்தம் வராது. நெல்லுக்கு வராது, ஓட்டுச்சில்லுக்கு வராது, மட்கிய மரத்துக்கு வராது. கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. துருப்பிடித்த ஒரு துண்டு மட்டும் உங்கள் கையில் மிஞ்சும். அது பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்காத துண்டு.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் சங்ககாலச் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'மாக்கோதை' என்றும் 'கொல்லிப்பொறை' என்றும் பெயர் வெட்டிய காசுகள் அவற்றில் உண்டு. அதில் வரும் கொல்லி, தினமும் காலையில் நம் கிழக்கே நீலமாகத் தெரிகிற மலையின் அதே பெயர். ஆறு புரட்டிப் போட்ட மணலில் கிடைத்ததால் அந்தக் காசுகள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. யார் வீட்டில், எந்தச் சட்டிக்குப் பக்கத்தில், எந்தத் தலைமுறையில் என்று அவற்றால் சொல்ல முடியாது. நொய்யல் கரையில் கொடுமணலை அடுக்கடுக்காகத் தோண்டியதால்தான் உலையும், மணி கோத்த பட்டறையும், பெயர் கீறிய பானை ஓடும் சேர்ந்து ஓர் ஊராக எழுந்து நின்றன.

கண்டெடுத்ததை மறைத்தால் என்ன ஆகும், நிறுத்திச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதை சொல்கிறேன். 1976-ல் பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் ஒரு நடராசர் சிலை தட்டியது. அவர் யாருக்கும் சொல்லாமல் அற்ப விலைக்கு விற்றார். அது கை மாறிக் கை மாறி லண்டன் போனது. 1982-ல் அங்கே போலீஸ் கைப்பற்றி, வழக்கு வருஷக்கணக்காக நடந்து, 1991-ல்தான் சிலை நாடு திரும்பியது. இடையில் இருந்தவர்கள் பெரும் பணம் பார்த்தார்கள். கண்டெடுத்தவர் கூலிக்காரராகவே இருந்தார். இன்னொன்று இங்கிலாந்தில், ஹாக்ஸ்ன் என்ற கிராமம், 1992 நவம்பர். ஓர் உழவரின் சுத்தியல் வயலில் தொலைந்துபோனது. அதைத் தேடிக் கொடுக்க டிடெக்டரோடு நண்பர் ஒருவர் போனார். சத்தம் வந்த இடத்தில் வெள்ளிக் கரண்டியும் பொன் நகையும் ரோமானியக் காசும் வர ஆரம்பித்தன. கொஞ்சம் எடுத்ததும் அவர் நிறுத்தினார். மேலே தோண்டாமல் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார். ஆய்வாளர்கள் வந்து மிச்சத்தை எடுத்ததால், 14,000-க்கு மேற்பட்ட நாணயங்களோடு, அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் மட்கிய தடமும் கிடைத்தது. கண்டெடுத்தவருக்குப் பரிசுப் பணமும் வந்தது. தொலைந்த சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலும் நிறுத்திச் சொல்பவருக்குச் சட்டம் ஒரு பங்கு வைத்திருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த எதுவும், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு வி.ஏ.ஓ.விடம் போய் நிற்பது முதல் படி. வேறு உரிமைக்காரர் வராமல், நிலமும் அடுத்தவருடையதாக இருந்தால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பது அந்தச் சட்டத்தின் பொது ஏற்பாடு. அரசு அதைத் தனக்கு எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. நூறு வருஷம் தாண்டிய காசும் சிலையும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை வெளிநாட்டுக்குக் கடத்துவது குற்றம்.

போகக் கூடாத இடங்களையும் எழுதிவிடுகிறேன். நாமக்கல் கோட்டை, சங்ககிரிக் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்கள், கோயில் நிலம், கொல்லிமலைக் காப்புக்காடு, கல்வட்டமோ தாழி விளிம்போ தெரிகிற மேடு, சுடுகாடு. மற்ற இடம் யாருடையது என்றாலும் கேட்டுவிட்டு இறங்குங்கள். பழகுவதற்கு இடம் வேண்டுமென்றால் சந்தைத் திடல் மாதிரி வேறொன்று கிடையாது. உரியவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சந்தை இல்லாத நாளில் காலையில் போங்கள். லாட ஆணியும், பாட்டில் மூடியும், லாரிப் பட்டறையில் இருந்து உருண்டு வந்த போல்ட்டும்தான் பை நிறைய வரும். அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டு டீ குடியுங்கள். அடுத்த சந்தையில் ஒரு மாட்டின் குளம்பில் ஏறாமல் போன ஆணி அது.

கடைசியாக ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, யார் இடம், யாரிடம் கேட்டோம், என்ன தொலைந்தது, எப்போது கடைசியாகப் பார்த்தார்கள், கிடைத்ததா, குழியை மூடினோமா என்று ஏழு கட்டம் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். 'இந்தக் காட்டில் இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அதுவும் ஒரு பதில்தான். வேறு இடத்தில் தேட அவர்களுக்கு அது உதவும்.

முதல் வரியை என் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்குப் பின்னால், வேப்பமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், எங்கள் அப்பாவின் மேசை டிராயர் சாவி நாலு வருஷத்துக்கு முன்னால் விழுந்தது. தொட்டி கழுவும்போது மடியில் இருந்து நழுவியது என்று நினைக்கிறேன். பித்தளை. கூட இரும்பு வளையம் கிடையாது, அதனால் சத்தம் சுத்தமாக வரும். பூட்டை உடைக்க இன்னும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் களைக்கொத்து நான் தருகிறேன். குழியை மட்டும் மூடிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ரேடியோக்கடை அண்ணன்
புதுச்சத்திரம்